ஆடித் தூரிக்கு எந்தக் கயிறு வாங்கலாம்?

ஆடி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் தூரி (ஊஞ்சல்) கட்டக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

பளபளக்கும் பிளாஸ்டிக் கயிறு விலை மலிவு, ஆனால் வெயில்தான் அதற்கு எமன். பல மாதம் மரத்திலேயே கிடந்த கயிற்றை விரலால் தேய்த்துப் பாருங்கள். இழை பொடியாக உதிர்ந்தால் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

தேங்காய் நார்க் கயிறு வழுக்காது, முடிச்சும் நன்றாக இறுகும். மழையில் நனைந்தால் உள்புரி மக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். முறுக்கைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பாருங்கள், கறுத்திருந்தால் மாட்டுக்குக் கூட ஆகாது.

எங்கள் ஓட்டு 16 மில்லிமீட்டர் நைலானுக்கு. பாரத்தில் நீளும், ஈரத்தில் இன்னும் தொய்யும். அதனால் பலகையைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் குறையாமல் கட்டுங்கள். வழுக்கும் கயிறு என்பதால் முடிச்சுக்கு அப்பால் ஒரு முழம் மிச்சம் விட்டு, முனையை நெருப்பில் உருக்கிவிடுங்கள்.

எந்தக் கயிறானாலும் முதலில் அறுவது கிளையில் உரசும் இடம்தான். அங்கே சணல் சாக்கை நாலாக மடித்துச் சுற்றுங்கள். கிளை தொடைப் பருமனாவது இருக்கட்டும். புளியங்கொம்பு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அது அவ்வளவு உறுதி. முருங்கை பச்சையாக இருக்கும்போதே பட்டென்று முறியும். பெரியவர் இருவர் தொங்கிப் பார்த்த பிறகே சின்னப் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.