ஜார்ஜியா, அயர்லாந்து, நியூசிலாந்து: படப்பிடிப்பை ஊருக்கு இழுக்க எந்த வழி தேறும்?

வெளியூர்ப் படக் கம்பெனிகளைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் எந்த அரசுக்கும் முதலில் கண்ணில் படுவது, படச் செலவில் எத்தனை சதவீதத்தைச் சலுகையாகத் தருவது என்பதுதான். ஜார்ஜியா 30, அயர்லாந்து 32, நியூசிலாந்து 20. இதை வைத்து மட்டும் வரிசைப்படுத்தினால் கணக்கு தப்பும். எந்தச் செலவு கணக்கில் சேரும், பணம் என்றைக்குக் கைக்கு வரும், அதைக் காட்டி இப்போதே ஃபைனான்ஸ் வாங்க முடியுமா என்பதைத்தான் படத்தின் பட்ஜெட்டைக் கவனிக்கும் லைன் புரொடியூசர் பார்ப்பார். அரசு பார்க்க வேண்டியது, யூனிட் கிளம்பிப் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சும் என்பதை.

முதலில் அமெரிக்காவின் ஜார்ஜியா. அங்கே 5 லட்சம் டாலருக்குக் குறையாமல் செலவழித்தால் 20% வரி வரவு கிடைக்கும். படத்தில் மாநிலத்தின் பீச் பழ லோகோவைப் போட்டால் மேலும் 10%. 2008 முதல் இதுதான் அளவு. வரி வரவு என்பது ரொக்கம் அல்ல, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. ஹாலிவுட்டிலிருந்து வந்து ஒரே ஒரு படம் எடுக்கும் கம்பெனிக்கு ஜார்ஜியாவில் கட்ட வேண்டிய வரியே பெரும்பாலும் இருக்காது. அதனால் அந்த உரிமையை அங்கே வரி கட்டும் வேறு நிறுவனத்துக்கோ தனிநபருக்கோ விற்றுவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 கோடி டாலர் செலவுக்கு 30 லட்சம் டாலர் வரவு. டாலருக்கு 90 சென்ட் விலை படிந்தால் கையில் 27 லட்சம். அதிலும் புரோக்கர் கமிஷன், கணக்குத் தணிக்கைக் கட்டணம் போக வேண்டும். ஆக, அரசு விட்டுக்கொடுத்த 30 லட்சத்தில் 3 லட்சம் படத்துக்கும் போகவில்லை, லைட்மேனுக்கும் போகவில்லை. வரவை வாங்கியவரின் லாபமாகிவிட்டது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

தயாரிப்பாளர்கள் சறுக்கும் இடங்களும் உண்டு. படப்பிடிப்பை அட்லாண்டாவில் முடித்து எடிட்டிங், டப்பிங்கை லாஸ் ஏஞ்சல்ஸில் செய்தால், பின்தயாரிப்புச் செலவு கணக்கில் சேராது. சம்பளப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு 5 லட்சம் டாலர் வரையான சம்பளமே எடுத்துக்கொள்ளப்படும். சொந்தக் கம்பெனி வழியாகச் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்துக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் மாநில வரியைப் பிடித்தம் செய்திருக்க வேண்டும். மாநிலக் கணக்குத் தணிக்கைத் துறை 2020-இல் சரிபார்ப்பின் தளர்வைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு வந்த சட்டம் தணிக்கையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. தணிக்கை முடியும் வரை வரவு கைக்கு வராது. அந்த இடைவெளிக்கான வட்டியையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும்.

ஜார்ஜியாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சலுகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, விதிகளும் நீண்ட காலமாகப் பெரிதாக மாறவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அட்லாண்டாவுக்குத் தெற்கே பைன்வுட் ஸ்டூடியோ (இப்போது ட்ரிலித்) போன்றவற்றில் தனியார் பணம் இறங்கியது. சில ஆண்டுகளில் இந்தச் சலுகையால் மாநிலத்துக்கு ஆன செலவு 100 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. அப்படியும் மார்வெல் தன் பெரிய படங்களை பிரிட்டனுக்கு மாற்றியபோது தடுக்க முடியவில்லை.

அயர்லாந்தின் செக்‌ஷன் 481 என்ற படச் சலுகைச் சட்டப்பிரிவு வேறு வழியில் போகிறது. வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவாய்த் துறையே பணமாகக் கொடுக்கும். விற்பனை இல்லை, புரோக்கர் இல்லை. தகுதியுள்ள செலவு, மொத்தத் தயாரிப்புச் செலவில் 80%, 12.5 கோடி யூரோ உச்சவரம்பு ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்கு 32%. 1 கோடி யூரோ படத்தில் 80 லட்சத்தை அயர்லாந்தில் செலவழித்தாலும் சரி, முழு 1 கோடியையும் அங்கேயே செலவழித்தாலும் சரி, கிடைப்பது 25.6 லட்சம்தான். இந்த 80% கோட்டைக் கவனிக்காமல் 32 லட்சம் என்று பட்ஜெட்டில் எழுதினால் 6.4 லட்சம் துண்டு விழும்.

இதில் 90% வரை முன்கூட்டியே பெற வழி உண்டு. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். படப்பிடிப்பு நடக்கும்போதே பணம் இருந்தால் கடன் குறையும். மீதி, இறுதிக் கணக்கு அறிக்கை தந்த பிறகு. ஆனால் 2019 முதல் தயாரிப்பாளரே தகுதியைக் கணித்துக் கோரும் முறை என்பதால், கணக்கு பிசகினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரிடும். படத்தின் பண்பாட்டு மதிப்பைச் சொல்லும் சான்றிதழுக்குப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கோருவது அயர்லாந்தில் வரி தாக்கல் செய்யும் தயாரிப்பு நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டுக் கம்பெனி உள்ளூர்க் கூட்டாளியோடுதான் உள்ளே வரும். பெரிய படங்கள் பயிற்சித் திட்டமும் தர வேண்டும். யூனிட் போன பிறகும் அனுபவமுள்ள கம்பெனியும் பழகிய ஆட்களும் அங்கே தங்குவதற்கு இந்த இரண்டு நிபந்தனைகளே காரணம்.

நியூசிலாந்து ரொக்கமாகவே 20% திருப்பித் தருகிறது, கூடுதல் பலன் தரும் படங்களுக்கு இன்னும் 5%. புரிந்துகொள்ள எளிது. ஆனால் அமேசான் தன் பிரமாண்டத் தொடரின் முதல் பருவத்தை அங்கே எடுத்துவிட்டு, 2021 ஆகஸ்டில் அடுத்ததை பிரிட்டனுக்குக் கொண்டுபோனது. கூடுதல் 5 சதவீதத்தை அரசு ரத்து செய்தது. அடிப்படை 20% போனது போனதுதான். முதல் பருவத்துக்கான தொகையில் ஒரு பகுதியை அடுத்த பருவத்தோடு கட்டிப்போடாததன் விலை அது.

சலுகையே வேண்டாம், ஸ்டூடியோ கட்டினால் படம் தானாக வரும் என்பவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைப் பார்க்கலாம். 2008-இல் 42% வரை சலுகை அறிவித்தார்கள். பான்டியாக்கில் பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கட்டடத்தில் ஸ்டூடியோ எழுந்தது; அதன் கடன் பத்திரங்களுக்கு அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி ஜாமீன். 2011-இல் வந்த புதிய கவர்னர் சலுகையை ஆண்டுக்கு 2.5 கோடி டாலராகச் சுருக்க, படங்கள் வற்றின. 2012-இல் பத்திரத் தவணையை ஓய்வூதிய நிதி கட்ட வேண்டியதாயிற்று. 2015-இல் திட்டமே மூடப்பட்டது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் இதற்கு நேர்மாறு. கப்பல் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த உயரமான கூடத்தைப் படப்பிடிப்புத் தளமாக மாற்றி ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரைப் பல ஆண்டுகள் தக்கவைத்தது. இருக்கும் கட்டடம், ஒரு நீண்ட தொடர், பிறகுதான் புதுக் கட்டடம் என்ற வரிசை பாதுகாப்பானது. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடையும் எழுத வேண்டும். வடபழனி விஜயா வாஹினி மாலாகவும் ஜெமினி ஸ்டூடியோ நட்சத்திர ஓட்டலாகவும் ஆன கதை சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல.

புதிதாகத் தொடங்கும் மாநிலத்துக்கு அயர்லாந்து முறையே பொருந்தும் என்பேன். கஜானா சிறியதென்றால் சதவீதத்தைக் குறைக்கலாம், முன்பணத்தைக் குறைக்கக் கூடாது. ஆண்டு உச்சவரம்பு வைத்தால், அனுமதி வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களால் நிதி முடங்கும். கலிஃபோர்னியா இதற்காக, ஒதுக்கீடு பெற்ற பெரும்பாலான படங்கள் 180 நாளுக்குள் படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும் என்கிறது. தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.