பிரதியிடலா, வகையிடலா, ஊகமா? சார்புச் சமன்பாட்டுக்கு மூன்று வழிகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சார்புச் சமன்பாடு, அதாவது எண்ணுக்குப் பதில் ஒரு சார்பையே கண்டுபிடிக்கச் சொல்லும் சமன்பாடு, இரண்டு வேஷத்தில் வந்து நிற்கிறது. ஜேஇஇ என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறவருக்கு அது இரண்டு நிமிடக் கணக்கு: வகையிடு, பூஜ்யத்தைப் போடு, விடையைச் சொடுக்கு. கணித ஒலிம்பியாடுக்குத் தயாராகிறவருக்கு அதே கணக்கு ஒரு பக்க நிரூபணம். 1950-இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய அழகப்பச் செட்டியார் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர். அந்த வட்டாரத்தில் விடை மட்டும் தெரிந்து, விடை வந்த வழி தெரியாமல் இருப்பது அவ்வளவு அழகில்லை.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. மாறிக்கு வசதியான மதிப்பையோ கோவையையோ இடும் பிரதியிடல், இருபுறமும் வகையிடுவது, விடையின் உருவத்தை ஊகித்துக் கெழுக்களை ஒப்பிடுவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கணக்கில் சார்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. ‘வகையிடத்தக்கது’ என்ற சொல் இல்லாத இடத்தில் வகையிட்டாலும், ‘பல்லுறுப்புக் கோவை’ என்ற சொல் இல்லாத இடத்தில் ஊகித்தாலும், கணக்கு கொடுக்காத ஒன்றை நாமே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். பிரதியிடல் மட்டும் அப்படி எதையும் கேட்பதில்லை. அதனாலேயே சில இடங்களில் பாதி வழியில் நின்றும் விடுகிறது.

குறியீடுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்: ச என்பது சார்பு, ச′ அதன் வகைக்கெழு, அ, இ மாறிகள், க, ம மாறிலிகள்.

சுற்றி வந்து சேரும் சமன்பாடுகள்

2ச(அ) + ச(1/அ) = 3அ, அ ≠ 0.

அ இருக்கும் இடத்திலெல்லாம் 1/அ இடுங்கள்: 2ச(1/அ) + ச(அ) = 3/அ. இப்போது ச(அ), ச(1/அ) என்று இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடுகள். முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 3ச(அ) = 6அ − 3/அ. ஆக ச(அ) = 2அ − 1/அ. ஒன்பதாம் வகுப்பு நீக்கல் முறைக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

ஊகிக்கிறவர் ச(அ) = கஅ + ம/அ என்று வைப்பார்; 2க + ம = 3, 2ம + க = 0; அதே க = 2, ம = −1. நேரமும் கிட்டத்தட்ட அதே. ஆனால் வேறு உருவத்தில் ஒரு விடை இருக்க முடியாது என்பதை அவர் காட்டவில்லை. பிரதியிட்டவர் அதையும் சேர்த்தே காட்டிவிட்டார். வகையிடல் இங்கே வெறும் சுமை: 1/அ-வின் வகைக்கெழு உள்ளே வந்து குழப்பும், தெரியாதவை கூடும்.

இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது, இடப்படும் கோவை எத்தனை முறையில் திரும்பி வருகிறது என்பது. 1/அ இரண்டாவது முறையில் அ ஆகிவிடும். 1/(1−அ) என்றால் அடுத்து (அ−1)/அ, மூன்றாவதில் அ. (1+அ)/(1−அ) என்பது நான்கு சுற்று: அடுத்து −1/அ, பிறகு (அ−1)/(அ+1), பிறகு அ. ஆத்தங்குடிக் கல்லைத் தரையில் 90 பாகை 90 பாகையாகத் திருப்பினால் நான்காவது திருப்பில் பூ பழைய முகத்துக்கு வருவது மாதிரி. சந்தேகமிருந்தால் 2 போட்டுப் பாருங்கள்: 2, −3, −1/2, 1/3, மறுபடி 2. எண்ணைப் போட்டு வட்டம் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுத்தில் இறங்கினால் வீண் வேலை மிச்சம்.

மூன்று சுற்றுக்கு ஒன்று: ச(அ) + ச(1/(1−அ)) = அ, அ ≠ 0, 1. இரண்டு முறை பிரதியிட்டால் மூன்று சமன்பாடுகள். முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி, இரண்டாவதைக் கழித்து, பாதியாக்கினால்

ச(அ) = ½ [அ + (அ−1)/அ − 1/(1−அ)].

சரிபார்க்க: ச(2) = ½(2 + ½ + 1) = 1.75; ச(−1) = ½(−1 + 2 − ½) = 0.25, கூட்டினால் 2. சரி.

இதே ‘ஒன்றோடு ஒன்று கூட்டல்’ வடிவம் இரண்டு, நான்கு என்ற இரட்டைச் சுற்றில் வந்தால் கவிழ்ந்துவிடும். ச(அ) + ச(1/அ) = அ என்பதை எடுங்கள். 1/அ இட்டால் இடப்பக்கம் மாறவில்லை, வலப்பக்கம் மட்டும் 1/அ ஆகிறது. அப்படியானால் அ = 1/அ; ±1 தவிர எங்கும் நடக்காது. விடையே இல்லை. வலப்பக்கத்தை அ + 1/அ என்று மாற்றினால் முரண் போய்விடும், ஆனால் விடை பெருகிவிடும்: ச(அ) = அ ஒரு விடை, ச(அ) = அ + மடக்கை|அ| இன்னொரு விடை, இன்னும் எண்ணற்றவை. ஊகிக்கிறவர் முதல் விடையைக் கண்டதும் பேனாவை மூடிவிடுவார். பிரதியிடுகிறவருக்கோ கெழுக்களின் அணிக்கோவை பூஜ்யமாகி, நீக்கும்போது தெரியாதவை எல்லாம் சேர்ந்தே மறைந்து, இங்கே ஏதோ சிக்கல் இருக்கிறது என்று சமன்பாடே சொல்லிவிடும். பிரதியிடலை நான் முதலில் வைப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

விலக்க வேண்டிய புள்ளிகளையும் சுற்று முழுவதற்கும் பார்க்க வேண்டும். (1+அ)/(1−அ)-வில் பிள்ளைகள் 1-ஐ மட்டும் விலக்குவார்கள். −1 போட்டால் 0 வரும், 0 போட்டால் 1 வரும், 1-இல் பின்னத்தின் பகுதி பூஜ்யம். ஆகவே −1, 0, 1 மூன்றும் வெளியே.

வட்டம் மூடாத இடம்

2ச(அ) + ச(அ+1) = அ என்பதில் அ+1 இட்டால் அ+2 வரும், அதற்கு மேல் அ+3; எத்தனை முறை இட்டாலும் திரும்பி வராது. இங்கே ஊகத்துக்குத்தான் வேலை. ‘ச ஒரு பல்லுறுப்புக் கோவை’ என்று கணக்கில் இருந்தால் ச(அ) = கஅ + ம என வைத்து 3க = 1, 3ம + க = 0; ச(அ) = அ/3 − 1/9. இரண்டு வரி. அந்தச் சொல் இல்லாவிட்டால், ஒவ்வொரு அடியிலும் −2 ஆல் பெருகும் எந்தச் சார்பையும் இதோடு கூட்டிக்கொள்ளலாம், விடை ஒன்றல்ல.

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வருவது ச(அ)·ச(1/அ) = ச(அ) + ச(1/அ). இதற்கு 1 + அ-வின் அடுக்கு, அல்லது 1 − அ-வின் அடுக்கு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ச(3) = 28 என்றால் 1 + 27, எனவே ச(4) = 65. சரிதான், பல்லுறுப்புக் கோவை என்று சொல்லியிருந்தால். சமன்பாட்டை (ச(அ) − 1)(ச(1/அ) − 1) = 1 என்று எழுதிப் பாருங்கள்: அ-விலும் 1/அ-விலும் உள்ள மதிப்புகளுக்கு இடையே மட்டும்தான் உறவு. 3-க்கும் 4-க்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் ச(4) என்பது 1 தவிர எதுவாகவும் இருக்கலாம்.

மாறியையே மாற்றுவது பிரதியிடலின் இன்னொரு முகம். ச(அ + 1/அ) = அ² + 1/அ² என்பதில் த = அ + 1/அ வைத்தால் ச(த) = த² − 2. ச(3) = 7 என்று எழுதலாம். ச(1) = −1 என்று எழுதினால் தப்பு: மெய்யெண்களில் அ + 1/அ ஒருபோதும் −2-க்கும் 2-க்கும் நடுவில் வராது. அந்த இடைவெளியில் சமன்பாடு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாறி வந்தால்

ச(அ + இ) = ச(அ) + ச(இ). அ = இ = 0 இட்டால் ச(0) = 0. இ = −அ இட்டால் ச(−அ) = −ச(அ). திரும்பத் திரும்ப இட்டு முழு எண்களுக்கும், பிறகு பின்னங்களுக்கும் ச(அ) = கஅ என்று வந்துவிடும். அதோடு பிரதியிடல் நின்றுவிடும். √2-க்குப் போக வழியில்லை. திறமைக் குறைவல்ல, உண்மையிலேயே வழியில்லை: தொடர்ச்சி இருந்தால் கஅ மட்டுமே விடை என்று பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-இல் காட்டினார், தொடர்ச்சி இல்லாவிட்டால் வேறு விடைகள் உண்டு என்று ஜெர்மன் கணிதர் ஹாமெல் 1905-இல் காட்டினார்.

வகையிடத்தக்கது என்று கொடுத்திருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. இ-யை மாறிலியாக வைத்து அ-வைப் பொறுத்து வகையிட்டு, அ = 0 இட்டால் ச′(இ) = ச′(0). வேலை முடிந்தது. ச(அ + இ) = ச(அ) + ச(இ) + அஇ, ச′(0) = 3 என்றால் ச′(இ) = 3 + இ; ச(0) = 0 என்பதால் ச(இ) = 3இ + இ²/2. ஒரு கவனம்: சில கணக்குகளில் பூஜ்யத்தில் மட்டும் வகைக்கெழு உண்டு என்றிருக்கும். அப்போது நேரே வகையிடக் கூடாது. வகைக்கெழுவின் வரையறையில் இருந்து தொடங்கி, ச(அ + இ) − ச(அ) = ச(இ) + அஇ என்பதை இ-யால் வகுத்து எல்லை எடுக்க வேண்டும். விடை அதேதான், முழு மதிப்பெண் இந்த வழிக்குத்தான்.

பர்மா, மலேயா வரை லேவாதேவி நடத்திய வட்டாரத்துக்கு அடுத்த சமன்பாடு புதிதல்ல. ஒரு ரூபாய் கூட்டுவட்டியில் அ ஆண்டில் ச(அ) ரூபாய் ஆகிறது என்றால் ச(அ + இ) = ச(அ)·ச(இ). ஆண்டுக்கு 12% என்றால் ச(1) = 1.12. அரையாண்டுக்கு அ = இ = ½ இட்டால் ச(½)² = 1.12. ச(½) என்பது ச(¼)-இன் வர்க்கம், குறை எண் ஆகாது, எனவே 1.0583. அதாவது 6% அல்ல, 5.83%. தனிவட்டியில் வட்டித்தொகை மேலே சொன்ன கூட்டல் சமன்பாட்டுக்கு அடங்கும், அங்கே சரியாக 6 காசு. வகையிடல் வழியில் போனால் முதலில் ச′(0) வேண்டும், அது 1.12-இன் இயல் மடக்கை, சுமார் 0.1133. கொடுத்தது ச(1), கேட்டது ச(½) என்கிறபோது அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. கொடுத்தது ச′(0) என்றால் வகையிடல்தான் குறுக்குவழி. இந்தச் சமன்பாட்டில் ‘எங்கும் பூஜ்யம்’ என்ற விடையும் உண்டு. ச(0) = ச(0)² என்பதை ச(0)-ஆல் வகுத்த கையோடு அதைத் தொலைத்துவிடுவார்கள். வட்டிக் கணக்கில் ச(1) = 1.12 என்பதால் தப்பித்தோம். பொதுக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

வகையிடலுக்கு இடமே இல்லாத கணக்குகளும் உண்டு. 2019 சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் முதல் கணக்கு: ச முழு எண்ணிலிருந்து முழு எண்ணுக்கு; எல்லா அ, இ-க்கும் ச(2அ) + 2ச(இ) = ச(ச(அ + இ)). முழு எண்களில் வகைக்கெழுவுக்குப் பொருளில்லை. பலரும் நேர்கோடு என்று ஊகித்துவிடுவார்கள். ஏன் நேர்கோடு என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. அ = 0 இட்டால் ச(0) + 2ச(இ) = ச(ச(இ)). அ = 1 இட்டால் ச(2) + 2ச(இ) = ச(ச(இ+1)). முதலாவதில் இ-க்குப் பதில் இ+1 இட்டால் ச(ச(இ+1)) = ச(0) + 2ச(இ+1). இரண்டையும் ஒப்பிட, 2[ச(இ+1) − ச(இ)] = ச(2) − ச(0). வலப்பக்கம் மாறிலி, ஒவ்வொரு படியிலும் ஏற்றம் ஒன்றே. ச(அ) = கஅ + ம என்று ஆகிவிட்டது. மூன்றே பிரதியிடல், ஊகம் எதுவும் நுழையவில்லை.

இங்கே நிறுத்தினால் மதிப்பெண் போகும். பிரதியிடலில் கிடைப்பது ‘விடை இருந்தால் இப்படித்தான் இருக்கும்’ என்பது மட்டுமே. மூலச் சமன்பாட்டில் திரும்ப இட்டால் 2க = க², 3ம = கம + ம. எனவே க = 0, ம = 0; அல்லது க = 2, ம எந்த முழு எண்ணும். இந்தக் கடைசி வரி இல்லாத விடைத்தாளில் 3அ + 5-உம் விடையாக நின்றுகொண்டிருக்கும்.