திறந்த மாடல் பெயின்ட் பாதி விலைக்குக் கிடைத்தால், முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய், மாடல் கிட் (ஒட்டிச் செய்து பெயின்ட் அடிக்கும் சிறு மாதிரிப் பொம்மை) விற்கும் ஒரு கடையில் போன மாதம் 2,400 ரூபாயை இழந்து வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா மகனும் நானும் நிஜ அளவில் 72-இல் ஒரு பங்காக ஒரு மிக்-21 போர் விமானம் செய்துகொண்டிருந்தோம். கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். மூன்று பிராண்டு, மூன்று வகைப் பெயின்ட்: டாமியா அக்ரிலிக் 11, ஹம்ப்ரோல் எனாமல் டின் 5, மிஸ்டர் கலர் லாக்கர் 2. "யாரோ ஒருவாட்டி திறந்து வெச்சதுங்க, அப்படியே இருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்கங்க" என்றார். புட்டிகள் கழுத்துவரை நிறைந்திருந்தன. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திறந்து பயன்படுத்திய புட்டி எப்படிக் கழுத்துவரை இருக்கும்?

மூன்றாம் நாள் சாம்பல் நிற அக்ரிலிக்கை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) ஊற்றினோம். துணுக்குகள் வந்து அதன் 0.3 மி.மீ. முனைத் துளை அடைத்துக்கொண்டது. இறக்கையில் படிந்தது காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கெட்டிப்பட்டதை மறைக்கத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். வேறு இரண்டு புட்டிகளில் டர்பன்டைன் வாடை. உள்ளே திரிந்த பால் மாதிரி. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்க பாலக்காட்டு வெயில்ல கெட்டிருக்கும், நாங்க என்னங்க பண்ண முடியும்?" என்றார். பில்லும் தரவில்லை, பணமும் தரவில்லை. அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. எங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும், மறுக்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று எல்லாவற்றையும் வறட்டிவிடும். ஆனால் நன்றாக மூடிய புட்டி இரண்டு நாளில் கெடாது. நான் நான்கு வருடம் முன்பு திறந்த டாமியா புட்டிகள் இதே வீட்டில் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

அதற்காக நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுவேன். மிஞ்சியதைத் திரும்ப ஊற்ற மாட்டேன். மூடும் முன் கழுத்தையும் மூடியின் உள்விளிம்பையும் அதற்குரிய தின்னரில் (பெயின்டை இளக்கும் திரவம்) நனைத்த துணியால் துடைப்பேன். இதுதான் முக்கியம். அங்கே காய்ந்த பெயின்ட் ஒட்டியிருந்தால் மூடி சரியாக உட்காராது, காற்று போய் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் திறந்த தேதியை மூடியில் எழுதி, ஜன்னலுக்குத் தூரமாகக் கீழ்த்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைப்பேன். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். எனாமலும் லாக்கரும் தீப்பற்றும் சரக்கு, சோற்றுப் பாத்திரத்தோடு சேர்க்கக் கூடாது.

கெட்டதைக் காப்பாற்ற முடியுமா என்பது வகையைப் பொறுத்தது. லாக்கரில் கரைப்பான்தான் ஆவியாகிறது. அதற்குரிய தின்னரை விட்டால் காய்ந்ததுகூடக் கரையும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மேலே பாலாடை மாதிரி ஆடை கட்டினால் அதைக் கலக்காமல் முழுசாக எடுத்துவிட்டால் அடியில் இருப்பது பெரும்பாலும் உதவும். எனக்கு விற்ற டின்களில் அந்த ஆடையைக் குச்சியால் கிளறி உள்ளேயே கலந்திருந்தார்கள். அக்ரிலிக் சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே அதன் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மீளும். ரப்பர் மாதிரி ஆன பிறகு எதை ஊற்றினாலும் மீளாது.

திறந்த பெயின்ட் வாங்கப் போகிறவர்கள் பல் குத்தும் குச்சி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து அடிவரை விட்டுக் கிளறுங்கள். கட்டி தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். முகர்ந்து பாருங்கள், டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் வாடை இருக்க வேண்டும். நகத்தில் ஒரு சொட்டுத் தடவினால் துணுக்கு தெரிந்துவிடும். திறக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் வாங்கவே வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெட்டியில் பிழைத்தது லாக்கர் இரண்டு மட்டும். மிக்-21 இறக்கையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்தாயிற்று. புதுச் சாம்பல் புட்டி ஒன்று முழு விலைக்கு வாங்கி வந்திருக்கிறோம். அதன் மூடியில் தேதி எழுதியது அக்கா மகன்.