பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஐம்பது லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் சிறிய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்க நினைப்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடஸ் பென்ஸ் ஜிஎல்ஏ ஆகிய மூன்றும் இருக்கும். இவற்றில் எக்ஸ்1 வண்டியின் டீசல் வகையை 2023ஆம் ஆண்டின் நடுவில் வாங்கி, ஈரோட்டில் இருந்துகொண்டு, தொழில் நிமித்தமாகக் கோவைக்கும் சென்னைக்கும் தொடர்ந்து ஓட்டிவருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் அமைந்தவருக்கு இது கொடுத்த காசுக்குத் தகுந்த வண்டி. ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போய்வருவதற்காக மட்டும் வாங்குபவருக்கு, அதிலும் டீசலில், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸ்1இன் இப்போதைய மூன்றாம் தலைமுறை 2023 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. மறைமலைநகரை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007இல் தொடங்கப்பட்ட ஆலையில்தான் இது ஒருங்கிணைக்கப்படுகிறது. முழு வண்டியாக இறக்குமதியாகும் கார்களுக்கான கடுமையான சுங்க வரி இதற்கு இல்லாமற்போனது இதனால்தான். முதல் தலைமுறை எக்ஸ்1 பின்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. இரண்டாம் தலைமுறையிலிருந்து முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய ரசிகர்கள் இதைச் சொல்லி இன்னும் வருந்துகிறார்கள். ஆனால், இயந்திரத்தைக் குறுக்காக வைத்ததால் உள்ளே கிடைத்திருக்கும் இடத்தைப் பின்னிருக்கையில் அமர்ந்து பார்ப்பவர் எவரும் அந்த மாற்றத்தைக் குறை சொல்லமாட்டார். 4,500 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 2,690 மில்லிமீட்டரைச் சக்கர இடைவெளிக்கே கொடுத்திருப்பதால், ஆறடி உயரமுள்ள ஒருவர் ஓட்ட, அவருக்குப் பின்னால் அதே உயரமுள்ளவர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறது.

டீசல் வகையில் இருப்பது 1,995 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இயந்திரம். 150 குதிரைத்திறனையும் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) தருகிறது. பெட்ரோல் வகை 1,499 சிசி, மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் குதிரைத்திறன் வேறுபாடு சிறிதுதான். சாலையில் உணரப்படுவதோ முறுக்குவிசை வேறுபாடு. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குச் சென்றவர்களுக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் நான்குவழிச்சாலை திடீரென இருவழியாகச் சுருங்கும் புறவழிச்சாலைகளை நினைவிருக்கும். கரும்பு லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து, எதிரே சிறிது இடைவெளி கிடைத்ததும் முந்த வேண்டிய அந்த இடங்களில், முடுக்கியை அரை அளவு மிதித்தாலே கியர் இறங்கி வண்டி கடந்துவிடுகிறது. இயந்திரத்தை அலறவிட வேண்டியதில்லை. பெட்ரோல் வகையை ஓட்டிப் பார்த்தபோது, நால்வரும் பெட்டிகளுமாக ஏறிய நிலையில் இந்தத் தெம்பை நான் உணரவில்லை. தனியாக ஓட்டும்போது அது சுறுசுறுப்பாகவும் அமைதியாகவும் இருந்ததையும் சொல்ல வேண்டும்.

கியர்பெட்டி ஏழு வேகங்கள் கொண்ட இரட்டை கிளட்ச் வகை, அதாவது இரண்டு கிளட்சுகள் மாறி மாறி இயங்கித் தானே கியர் மாற்றும் தானியங்கி. சீராக ஓடும் வேகத்தில் அதன் மாற்றங்கள் தெரிவதே இல்லை. நெரிசலில் அடி அடியாக நகரும்போது மட்டும், திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் பழைய டார்க் கன்வெர்ட்டர் தானியங்கிகளின் வழவழப்பு இதில் கிடைக்காது. இது இரட்டை கிளட்ச் அமைப்பின் இயல்பு என்பதால் க்யூ3, ஜிஎல்ஏ வாங்குபவர்களும் இதையே எதிர்பார்க்கலாம். மலைப்பாதையில் இந்தக் கியர்பெட்டியின் அருமை தெரிகிறது. வால்பாறைக்குச் செல்லும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கியரை நாமே தேர்ந்துகொண்டு பிரேக்கை அதிகம் மிதிக்காமல், இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தப் பெரும்பகுதியை இறங்கிவிடலாம். திருப்பங்களில் உடல் சாய்வு குறைவாக இருப்பதால், மலையேறினாலே தலைசுற்றும் என் தாயார்கூட இந்த வண்டியில் சிரமமின்றி வருகிறார்.

சஸ்பென்ஷனைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் பாலங்களின் இணைப்புகளை இந்த வண்டி கடக்கும் விதம் அபாரமானது. ஒரே அசைவில் அடங்கிவிடும். ஊருக்குள் முப்பது கிலோமீட்டரில் ஒட்டுப்போட்ட சாலையில் செல்லும்போது ஒவ்வொரு ஒட்டும் இருக்கைக்கு வந்துசேர்கிறது. 18 அங்குலச் சக்கரங்களும் அதிவேக நிலைத்தன்மைக்காக இறுக்கமாக அமைக்கப்பட்ட சுருள்களும் சேர்ந்து தரும் விளைவு இது. டயர்க் காற்றழுத்தத்தை, கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையில் குறைந்த சுமைக்குரிய அளவில் சரியாக வைத்துக்கொண்டால் ஓரளவு தணிகிறது. பெட்ரோல் நிலையங்களில் கேட்காமலேயே 35 பிஎஸ்ஐ அடித்துவிடுவார்கள் என்பதால், கையோடு ஒரு சிறு காற்றழுத்தமானி வைத்திருப்பது நல்லது.

இருக்கைகளைப் பொறுத்தவரை முன்னிருக்கைகள் சிறப்பு. ஈரோட்டிலிருந்து சென்னை வரை ஓட்டி இறங்கியபின்னும் இடுப்பில் வலி தெரியாது. பின்னிருக்கையில் இருவர் வசதியாக இருக்கலாம். மூன்றாமவர் குழந்தையாக இருந்தால் நலம். டிக்கி டீசலில் 500 லிட்டர், பெட்ரோலில் 476 லிட்டர் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. திருமணப் பயணத்துக்குரிய நான்கு பெரிய பெட்டிகளை அடுக்கலாம். ஸ்டெப்னி விஷயத்தில் இந்தப் பிரிவு முழுவதிலும் ஒரே வழக்கம் இல்லை. முழு அளவுச் சக்கரம், சிறிய தற்காலிகச் சக்கரம், வெறும் காற்றடைப்புக் கருவி என வண்டிக்கு வண்டி மாறும். பணம் கட்டுமுன் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

உட்புறத்தில் என் மனம் ஒட்டாத ஒரே இடம் கட்டுப்பாடுகள். முந்தைய தலைமுறையில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த, திரையை இயக்க உதவும் ஐடிரைவ் சுழல்குமிழை எடுத்துவிட்டார்கள். குளிர்சாதன வசதியின் அளவைக் கூட்டக் குறைக்கவும் வளைந்த தொடுதிரையைத்தான் நாட வேண்டும். ஓடும் வண்டியில், அதுவும் சித்திரை வெயிலில், கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் அதற்குரிய குறியைத் தேடுவது நல்ல வடிவமைப்பு ஆகாது என்பது என் கருத்து. ஒலி அமைப்பு, பெரிய கண்ணாடிக் கூரை ஆகியவை விற்பனைக் காட்சிக்கு உதவும் அளவுக்கு அன்றாடத்துக்கு உதவுவதில்லை. நம் வெயிலுக்குக் கூரையின் திரையை மூடியே வைத்திருக்கிறோம்.

வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அராய் அமைப்பின் சோதனையில் டீசலுக்கு லிட்டருக்கு 20.37 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு 16.35 கிலோமீட்டர் என்பது அறிவிக்கப்பட்ட மைலேஜ். என் கையில் டீசல், நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் பதினெட்டை ஒட்டியும், ஊருக்குள் பதினொன்று, பன்னிரண்டுமாகத் தருகிறது. ஆனால் டீசலைத் தேர்ந்தெடுக்க மைலேஜ் மட்டும் காரணமாக இருக்கக்கூடாது. பிஎஸ்6 என்ற புகை வெளியேற்ற விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் துகள் வடிகட்டி ஒன்று உண்டு. வெளியேறும் வாயு போதிய வெப்பத்தை எட்டி, அந்தக் கரி எரிந்து தீர்ந்தால்தான் வடிகட்டி சுத்தமாகும். இதற்கு இடைநில்லாமல் சற்று நேரம் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் சென்று வண்டியை நிறுத்துபவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்தையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். எனவே ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வகையைப் பார்ப்பதே அறிவுடைமை.

இனி பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு முன்பு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்காலச் சாலைவரி 15 சதவீதமாக இருந்தது. அதன்பின், இருபது லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 20 சதவீதமாகிவிட்டது. ஐம்பது லட்ச ரூபாய் வண்டிக்குச் சாலைவரி மட்டும் பத்து லட்சம் என்றால், விளம்பரத்தில் வரும் ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடுவதில் பொருளில்லை என்பது விளங்கும். மறுபுறம், 28 சதவீத ஜிஎஸ்டியும் இழப்பீட்டு வரியும் சேர்ந்து 50 சதவீதத்தை எட்டியிருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமானது; அதனால் ஷோரூம் விலைகள் இறங்கின. தொழில் நிறுவனத்தின் பெயரில் வாங்குவோர், பயணிகள் காருக்குச் செலுத்திய ஜிஎஸ்டியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாக (தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரி) திரும்பப் பெற முடியாது என்பதை மறக்கக்கூடாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் (வண்டியின் மதிப்புக் குறைவைச் செலவாகக் காட்டுவது) மட்டுமே கிடைக்கும். விற்பனைப் பிரதிநிதிகள் இந்தப் பகுதியை விரைவாகத் தாண்டிவிடுவார்கள். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள், கிலோமீட்டர் வரம்பில்லை. மூன்றாம் ஆண்டு முதல் நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம். மின்னணுக் கட்டுப்பாடுகள் இவ்வளவு நிறைந்த வண்டியை நீட்டிப்பு இல்லாமல் வைத்திருக்க நான் துணியமாட்டேன். ஆயில் மாற்றும் காலத்தை ஓட்டும் விதத்தை வைத்து வண்டியே கணித்துச் சொல்கிறது. முன்கூட்டிய சர்வீஸ் தொகுப்பை வாங்கும்போதே எடுத்துக்கொண்டால் பின்னர் பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. காப்பீட்டில், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் பூஜ்யத் தேய்மானத்தோடு டயருக்கும் சாவிக்கும் தனிப்பாதுகாப்பு சேர்ப்பது இந்தப் பிரிவில் ஆடம்பரம் அல்ல. மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் அங்கீகரிக்கப்பட்ட பணிமனை இல்லை. என் நிலையில் சர்வீஸ் என்றால் கோவைக்குச் சென்று ஒரு நாளைச் செலவிடுவது. இதை ஏற்காதவர்கள், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் தயங்க வேண்டும்.

பாதுகாப்பில் எக்ஸ்1 2022இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. சோதிக்கப்பட்டது ஐரோப்பிய வகை என்பதால், அதிலுள்ள ஓட்டுநர் உதவி வசதிகள் எல்லாம் நீங்கள் பார்க்கும் வகையில் உண்டா என்பதை வரிசையாகக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

“இந்தக் காசுக்கு ஃபார்ச்சூனரே எடுத்திருக்கலாமே” என்று எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. சட்டகத்தின்மேல் உடலைப் பொருத்திய அந்த வண்டி, கரடுமுரடான தோட்டத்துப் பாதைக்கும் மறுவிற்பனை மதிப்புக்கும் உண்மையிலேயே சிறந்தது. ஏழு பேரும் ஏறலாம். தோட்டம் துரவு உள்ளவர்களிடம் நானே அதைத்தான் சொல்கிறேன். போட்டியாளர்களில், 190 குதிரைத்திறன் பெட்ரோலும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட க்யூ3 ஓட்டத்தில் வலுவானது, ஆனால் இங்கு டீசல் இல்லை. ஜிஎல்ஏவின் டீசல் 190 குதிரைத்திறனோடு இதைவிட வேகமானது, பின்னிருக்கை இடம் குறைவு.

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம் வகுத்துள்ள வழியில் மட்டும் செல்லாமல், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, உங்கள் தெருவிலேயே ஓட்டிப் பாருங்கள். அதன்பின் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் கேளுங்கள்; கொடுக்க மறுத்தால் வேறு விற்பனையாளரிடம் செல்லுங்கள்.