மண் பாதைக்கு டூரிங் சைக்கிள்: சக்கரமும் டயரும், என் அனுபவம்

மூட்டை கட்டிக்கொண்டு தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று செய்த சைக்கிள் என்னுடையது. ஸ்டீல் ஃபிரேம், டிஸ்க் பிரேக், 700சி சக்கரம், 32 மி.மீ. டயர். சில ஆண்டுகளாக அதையே சரளை, செம்மண், காட்டு வழி என்று எல்லாவற்றிலும் ஓட்டி வருகிறேன். ஃபிரேம் அதேதான். சக்கரமும் டயரும்தான் மாறியிருக்கின்றன.

எவ்வளவு அகல டயர் என்பதை நம் ஆசை முடிவு செய்யாது. ஃபிரேம்தான் முடிவு செய்யும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவிலும், பின்னால் செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரு குழாய்கள்) நடுவிலும் அளந்து பாருங்கள். இரு பக்கமும் 6 மி.மீ. விட்டது போக மிஞ்சுவதுதான் உங்கள் டயர். காய்ந்த தரையில் 3 மி.மீ. போதும் போலத் தெரியும். ஈரக் களிமண்ணில் அந்த இடைவெளி அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. மட்கார்டு இருந்தால் அதற்கும் இடம் கழியுங்கள். இன்னொன்று, டயரில் அச்சிட்ட அளவை அப்படியே நம்ப வேண்டாம். ரிம் அகலமானால் அதே டயர் இன்னும் பரந்து உட்காரும். 42 என்று போட்ட என் டயர் அளந்தால் 44 காட்டுகிறது.

டிஸ்க் பிரேக் இருப்பவர்களுக்கு 650பி என்ற சற்றுச் சிறிய சக்கரம் என்று இன்னொரு வழி உண்டு. (ரிம் பிரேக்கில் பிரேக் கட்டை ரிம்மை எட்டாது, விட்டுவிடுங்கள்.) ரிம் சிறிதாவதால் அகல டயருக்கு இடம் கிடைக்கும். 700சி ரிம்மின் விட்டம் 622 மி.மீ., 650பி-க்கு 584. அதனால் 650பி-யில் 47 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 678 வரும். அது 700×28-க்கு, அதாவது 700சி-யில் 28 மி.மீ. டயருக்குச் சமம். மணலில் இது அருமை, ஏற்றத்தில் கியரும் கொஞ்சம் லேசாகும். ஆனால் 700×42-ஐவிட சைக்கிள் 14 மி.மீ. தாழ்ந்துவிடும். கல்லும் வேரும் நிறைந்த வழியில் பெடல் அடிக்கடி இடித்தது. எனவே மணல் அதிகம் இருக்கும் பயணத்துக்கு மட்டும் 650பி. மற்றபடி 700×42-தான் என் சைக்கிளில் இருக்கிறது.

பலரும் டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், பின்சக்கரத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பாரம் பெரும்பாலும் அதன் மேல்தான். சைக்கிளோடு வந்த 32 கம்பி பின்சக்கரத்தில், மண் பாதைக்குப் போன பிறகு ஒன்றன் பின் ஒன்றாக ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. குழியில் விழுந்த அடியில் அறுகிறது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தரைப் பக்கம் வரும் கம்பி தளர்ந்து மறுபடி இறுகுகிறது. இது லட்சக்கணக்கான தடவை நடந்து, சக்கர நடுவில் உள்ள ஹப்பில் மாட்டும் வளைவில் கம்பி களைத்து ஒடிகிறது. கட்டும்போதே ஒரே சீராக, போதுமான இறுக்கம் வைக்காத சக்கரத்தில் இது சீக்கிரம் வரும்.

கையால் கட்டிய 36 கம்பிச் சக்கரத்துக்கு மாறினேன். முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு திருகு). நடுவில் மெலிந்த கம்பி எப்படித் தாங்கும் என்று கேட்பார்கள். மெலிந்த பகுதி சற்று நீண்டு கொடுப்பதால் கம்பி முழுக்கத் தளராது, வளைவும் தப்பிக்கிறது. முதல் சில வாரங்கள் கழித்து ஒருமுறை பெண்டு எடுத்ததோடு சரி, இன்றுவரை ஒன்றுகூட அறவில்லை. முன்சக்கரம் பழைய 32 கம்பிதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. செலவு செய்வதென்றால் முதலில் பின்சக்கரத்தில் செய்யுங்கள். உபரிக் கம்பி கொண்டுபோகும்போது இரு பக்கத்துக்கும் நீளம் வேறு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் பக்கக் கம்பி மாட்ட கேசட்டை (பின்னால் இருக்கும் கியர் பல்சக்கரத் தொகுதி) கழற்ற வேண்டும், அந்தக் கருவியும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் டயர். மேலெல்லாம் ரப்பர் முட்டு துருத்திய முழுப் பட்டன் டயர் சேற்றுக்கு மட்டும்தான் வேண்டும். இறுகிய மண்ணில் அதனால் பெரிய லாபமில்லை. தாரில் இரைச்சல், தேய்மானம். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் பட்டன் என்ற வகைதான் எனக்குப் பிடித்துப்போனது. பஞ்சருக்கு எதிராகத் தடித்த ரப்பர் அடுக்கு வைத்த டயர்களையும் ஓட்டியிருக்கிறேன். முள் இறங்காது, உண்மைதான். ஆனால் விறைப்பு அதிகம். சரளையில் கை மரத்துப்போகும்.

பட்டனைவிடக் காற்றழுத்தம் முக்கியம். மூட்டையோடு தாரில் பின்னால் 55 பிஎஸ்ஐ வைப்பேன், மண்ணில் 45, முன்னால் 35. அதற்கும் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு கீறல் விழும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் அந்தத் தொல்லை இல்லை, முள் பஞ்சரும் தானே அடைபடும். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், அதை மறக்காதவர்களுக்கு நல்லது. டியூப்லெஸ்ஸில் போனாலும் ஒரு டியூபை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பின் டயர்தான் முதலில் தேயும். நான் புதிய டயரை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றிவிடுவேன். முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.