பி.எஸ்.ஏ. சோதனைப் பட்டை: சாட்ஸ்வர்த் மருந்துக்கடையில் எங்கள் அனுபவம்

எங்கள் மாமாவுக்கு 62 வயதாகிறது. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல மாதங்கள் மறைத்திருந்தார். டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு மருந்துக்கடையில், விரல்நுனி இரத்தத்தைக் கொண்டே புராஸ்டேட் சுரப்பியின் பி.எஸ்.ஏ. புரதத்தைச் சோதிக்கும் பட்டை இருப்பதாக அறிந்து, சென்ற மாதம் அவரை அழைத்துச் சென்றேன்.

பட்டையைப் பற்றி எனக்குக் குறையில்லை. நகையில் மஞ்சளாகத் தெரியும் தங்கம், சுமார் 40 நானோமீட்டர் அளவுத் துகளாகும்போது பச்சை ஒளியை உட்கொண்டு செக்கச்செவேலென்று தெரியும். அத்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்புரதங்கள் இரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ.வைப் பற்றிக்கொண்டு பட்டையில் ஊர்ந்து செல்ல, சோதனைக் கோட்டில் காத்திருக்கும் வேறு எதிர்ப்புரதங்கள் அவற்றைப் பிடித்து நிறுத்துவதால், கருவி எதுவுமின்றிக் கண்ணுக்கே சிவப்புக் கோடு தெரிகிறது. பக்கத்திலுள்ள ஒப்பீட்டுக் கோடு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற அளவைக் குறிக்கிறது. சோதனைக் கோடு அதைவிட வெளிறியிருந்தால் அளவு அதற்குக் கீழே என்று பொருள்.

குறை கடையின் சேவையில்தான். பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டும், அதற்குப் பின் பார்க்கக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் தெளிவாக அச்சிட்டிருந்தும், பணியாளர் மற்ற வாடிக்கையாளர்களைக் கவனித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து, இரு கோடுகளும் ஒரே நிறத்தில் இருப்பதைக் காட்டி, "புற்றுநோய் மாதிரி இருக்கிறது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மாமா அன்றிரவு சாப்பிடவில்லை. அவர் கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் எடுத்த இரத்தத்தில் பி.எஸ்.ஏ. 3.1 என்று வந்தது. சிறுநீர்த் தொற்றாலும் வயதில் வரும் புராஸ்டேட் வீக்கத்தாலும் இந்த அளவு கூடலாம், குறைவாக இருப்பதால் மட்டும் புற்றுநோய் இல்லையென்றும் ஆகிவிடாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கி, விரலால் பரிசோதித்து, வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பட்டைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், கடைக்கு ஒன்றுதான். அங்கே இச்சோதனையைச் செய்துகொள்பவர்கள் தாளைத் தாங்களே படித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கோடு எப்படி வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.