பழைய செப்புக் காசைக் கழுவக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் பதினைந்து செப்புக் காசுகள் கிடந்தன. பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, நடுவில் இரண்டு ராஜராஜன் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் அவன் பெயர். மேலே மண் அப்பியிருந்தது, வேறு குறையில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "அழுக்கை மட்டும்தான் சார் எடுப்போம், பாட்டினாவுல, அதான் மேல இருக்கிற கரும்பழுப்புத் தோல்ல, கை வைக்க மாட்டோம், காசுக்கு அம்பது ரூபா, சாயந்திரம் வாங்கிக்குங்க" என்றார். சாயந்திரம் என்றபோதே நான் திரும்பி நடந்திருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடம் மாதிரி எல்லாம் ரோஸ் நிறத்தில் மின்னுகின்றன, ஆசிட் வாடை வேறு. ராஜராஜன் பெயரில் பாதி எழுத்தைக் காணோம். கேட்டால், "பளபளன்னு வந்திருக்கு, அதுக்குப் போய் கோவிச்சுக்கிறீங்களே?" பணமும் திரும்பவில்லை.

பாட்டினா அழுக்கு இல்லைங்க, செம்பே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறி உண்டாகும் தோல். தேய்ந்த காசில் எழுத்தும் உருவமும் பல சமயம் அந்தத் தோலில்தான் நிற்கும். புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாலிஷ் எதுவானாலும் அதைத்தான் முதலில் தின்னும். போனால் போனதுதான். சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினேன், கையில்கூட வாங்கவில்லை.

ஒரே ஒரு காசு பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு தப்பியது. அதை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு (குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு செம்புக்கு ஆகாது) தினமும் தண்ணீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினேன். இளகாததை விட்டுவிட்டேன். அப்புறம் தேய்க்காமல் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்தினேன். ஒன்பதாம் நாள் கம்பெனிச் சிங்கமும் 1808 என்ற வருடமும் தெரிந்தன. இங்கிலாந்தில் பர்மிங்காம் சோஹோ நாணய ஆலையில் அடித்து மதராஸுக்குக் கப்பலேற்றிய, 'இருபது காசு' மதிப்புள்ள நாணயம்! கரும்பழுப்பு அப்படியே இருக்கிறது.

வெளிர்பச்சைப் பொடி உதிரும் காசு இருந்தால் அது வேறு வியாதி, உடனே தனியாக எடுத்து சிலிகா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள், நம் ஊர் கடல் காற்றுக்கு அது வேகமாக அரிக்கும். போன வாரம் அந்த வழியாகப் போனேன். "பழைய காசுகள் ஒரே நாளில் சுத்தம் செய்து தரப்படும்" என்ற போர்டு இன்னும் தொங்குகிறது.